இலை கேட்காத கடிதம்

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். உன் இருமல் விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அவள் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நீ அனுப்பிய ஸ்ட்ராபெரிச் செடிகள் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தன. முந்நூறு என்று எழுதியிருந்தாய். முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. ஈரச் சாக்கைப் பிரித்ததும் அப்பா ஒரு செடியைத் தூக்கி வேரைத் தட்டிப் பார்த்து, "பெரியவ கைன்னா கைதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நாற்றுப் பாத்தி இனிமே உன் பொறுப்பு. கெட்டுதுன்னா உன்னைத்தான் கேப்பேன்" என்றார். அவர் கேட்பது எனக்குப் பயமாக இல்லை அக்கா. பள்ளிக்கூடத்தை விட்ட இந்த மூன்று வருஷத்தில் பெட்டி கழுவுவதையும் பழம் துடைப்பதையும் தவிர அவர் எனக்கு எதையும் கொடுத்ததில்லை.

புதுச் செடி எங்கிருந்து வந்தாலும் ஆறை மட்டும் தனியே ஒதுக்கி, பூச்சி நுழையாத துணிக்குள் வைக்க வேண்டும் என்று நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய் இல்லையா? உன் செடிக்கும் அதையே செய்தேன், கோபித்துக்கொள்ளாதே. மரப்பெட்டியில் ஆறு செடி வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, துவைக்கும் அறை மூலையில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்திருக்கிறேன்.

போன வருஷம் நீ கொடுத்த காட்டு ஸ்ட்ராபெரி மூன்றும் சமையலறை ஜன்னலில் நன்றாக இருக்கின்றன. அவை விட்ட கொடியில் இரண்டு குட்டிச் செடிகளைத் தபால்காரம்மாவுக்குக் கொடுத்தேன். மூக்கு உடைந்த இரண்டு தேநீர்க் கூஜாவில் நட்டுத் தபால் நிலைய ஜன்னலில் வைத்திருக்கிறார். "வாயைத் திறக்க மாட்டேங்கிற, செடியை மட்டும் நீட்டுற" என்று சிரித்தார்.

வழக்கம்போல நீ சோதித்துப் பார்க்க ஓர் இலை இதனுடன் வைத்திருக்கிறேன். போன வருஷம் அப்பாவின் பழைய ஸ்ட்ராபெரிப் பாத்தியில் இலை ஓட்டையானதற்கே, மறு தபாலில் இலை அனுப்பச் சொன்னவள் ஆயிற்றே நீ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
பூச்சி

ஜூலை 24

பூச்சிக்கு,

இருமல் போய்விட்டது. அம்மா முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, அவள் வேண்டாம் என்றாலும் கொடு.

இங்கே நாற்றுப் பண்ணையின் கண்ணாடி வீட்டில் நிற்க நேரமில்லை. சோதனைச் செடிகளின் வரிசை முழுவதையும் முதலாளி என்னிடமே விட்டுவிட்டார். காலையிலிருந்து இருட்டும்வரை இலை வெட்டுவதும் செருகுவதும்தான். கனவில்கூடக் காட்டுச் செடிதான் வருகிறது.

அந்தச் செடிகள் உனக்காக அனுப்பியவை. இரண்டு பேரில் ஒருத்திதான் படிக்க முடியும் என்றபோது நீ பேசாமல் புத்தகப் பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாய். அதை நான் மறக்கவில்லை. வாயில்லாப் பூச்சி என்று உனக்குப் பெயர் வைத்தவளும் நான்தான், அதையும் மறக்கவில்லை.

ஒன்று மட்டும். கொடியை வெட்டி யாருக்கும் கொடுக்காதே. பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா கேட்பாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிடு.

எல்லாருக்கும் என் அன்பு.

அக்கா

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? அம்மா ஒத்தடத்துக்கு ஒத்துக்கொண்டாள், ஆனால் திட்டிக்கொண்டேதான் காலை நீட்டுகிறாள்.

உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே பெரியம்மா வேலியைத் தாண்டி வந்துவிட்டாள். "உங்கக்கா அனுப்பினதுல எனக்கும் பங்கு உண்டுடீ, அவ என் மடியில வளர்ந்தவ" என்றாள். நாற்பது கொடி வெட்டிக்கொண்டு போனாள். எனக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. சொல்ல வேண்டியதைத் தொண்டை வரை கொண்டுவந்துவிட்டேன், அதற்குள் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

செடிகள் எல்லாம் நன்றாகப் பிடித்துவிட்டன. தினமும் விடிந்ததும் பாத்திக்குத்தான் முதலில் போகிறேன். அப்பா வரிசை முனையில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லது என்று உனக்குத் தெரியும்.

இதிலும் ஓர் இலை இருக்கிறது. போன கடிதத்தில் வைத்தது கிடைத்ததா? நீ எழுதவில்லை.

உன்,
பூச்சி

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? வீட்டில் எல்லாரும் சுகம்தான். செடிகள்தான் சரியில்லை.

பழைய பாத்திக்குப் பக்கத்து வரிசையில் ஆரம்பித்தது. புது இலை சின்னதாக, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி வருகிறது. ஓரம் மஞ்சள். காம்பு நீளவே இல்லை. செடி தரையோடு குந்தியிருக்கிறது. இலையைத் திருப்பினால் பச்சையாக அசுவினிப் பூச்சி. நசுக்கி நசுக்கி என் விரல் எல்லாம் பிசுபிசுக்கிறது. போன வாரம் ஒரு வரிசை, இன்று நான்கு. பெரியம்மா தோட்டத்திலும் வேலி ஓரம் இப்படித்தான்.

மூன்று இலைகளை ஈரத்துணியில் சுற்றி, மேலே மெழுகுக் காகிதம் சுற்றி வைத்திருக்கிறேன். சீக்கிரம் பார்த்து எழுது. அப்பா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. இது நல்ல மாதிரிப் பேசாமை இல்லை.

உன்,
பூச்சி

நவம்பர் 2

பூச்சிக்கு,

இங்கே நான் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், வேலை கழுத்தை நெரிக்கிறது.

பயப்படாதே. தண்ணீர் தேங்கியிருக்கலாம், தொழு உரம் அதிகமாகியிருக்கலாம். சோப்புத் தண்ணீர் தெளித்தால் அசுவினி விழும். மோசமான செடிகளைப் பிடுங்கிவிடு. நீ சின்னப் பெண், முதல் வருஷத்தில் இப்படித்தான் ஆகும், மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமென்று எழுதியதில் அம்மாவுக்குச் சந்தோஷம். இங்கும் யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அப்பா நேராகச் சமையலறைக்கு வந்து, ஜன்னலில் இருந்த காட்டுச் செடி மூன்றையும் தொட்டியோடு எடுத்துக்கொண்டு போனார். கொல்லையில் சருகோடு போட்டுக் கொளுத்தினார். நான் பின்னாலேயே போனேன். "வீட்டுக்குள்ளேயே நோயை வளர்த்து வெச்சிருக்க. தினமும் அதைத் தொட்ட கையோட பாத்திக்குப் போயிருக்க" என்றார். பெரியம்மா வேலி மேல் கை வைத்து நின்றாள். "ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துகிட்டு ஊரையே கெடுத்துட்டாளே" என்றாள். அவள் தோட்டத்தில் பாதி போய்விட்டது அக்கா. அவள் பேசுவதில் எனக்குக் கோபம் வரவில்லை.

நாற்றுப் பாத்தி வேலிக் கதவின் சாவியை அப்பா வாங்கிக்கொண்டார். மறுபடியும் பெட்டி கழுவுகிறேன்.

அந்த மூன்று செடியிலும் ஒரு மடிப்பு, ஒரு மஞ்சள்கூட இல்லை. நீதானே சொன்னாய், தோட்டத்துச் செடி நோயை உள்ளே வைத்துக்கொண்டு பளபளவென்று நிற்கும், காட்டுச் செடிக்கு மறைக்கத் தெரியாது, அதனால்தான் அது சோதனைச் செடி என்று? நோய் இருந்திருந்தால் அதில்தானே முதலில் தெரிந்திருக்கும்? அப்பாவிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். புகையில் இருமல்தான் வந்தது.

துணிக்குள் இருக்கும் ஆறு செடியும் நன்றாக இருக்கின்றன. அதை யாரும் கவனிக்கவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நான் மூன்று தடவை இலை வைத்து அனுப்பினேன். நீ ஒரு தடவைகூட அதைப் பற்றி எழுதவில்லை. இன்னும் அனுப்பு என்று கேட்கவும் இல்லை. ஏன்?

உன்,
பூச்சி

டிசம்பர் 3

அக்காவுக்கு,

சௌக்கியமா? பதில் வரும் வரும் என்று தினமும் தபால் நிலையத்துக்குப் போனேன். நேற்று தபால்காரம்மா, "இன்னைக்கும் இல்லம்மா. ஆனா போன மாசம் உனக்கு வந்தப்ப அப்பாவுக்கும் சேர்த்துத்தானே வந்துச்சு, அதே கையெழுத்து. அவர் உன்கிட்ட சொல்லலையா?" என்றார்.

அப்பா குளிக்கப் போனபோது அவர் கோட்டுப் பையில் பார்த்தேன். பார்த்தது தப்புதான். நீ எழுதியதில் சில வரிகளை இங்கே எழுதுகிறேன், உனக்கு ஞாபகம் இல்லாவிட்டால் ஞாபகம் வரட்டும்.

"செடிகள் இங்கிருந்து சுத்தமாகத்தான் வந்தன அப்பா. வீட்டு ஜன்னலில் அவள் வளர்க்கும் காட்டுச் செடியிலிருந்துதான் தொற்றியிருக்கும். விவரம் தெரியாத பெண், விளையாட்டாகச் செய்திருப்பாள். அவளைத் திட்டாதீர்கள். செடிகளை மட்டும் எரித்துவிடுங்கள்."

அந்தக் காட்டுச் செடிகளைக் கொடுத்தவளே நீதானே.

தபால்காரம்மாவிடம் அந்த இரண்டு கூஜாவையும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். நீ சொல்லிக் கொடுத்தபடியே செய்தேன். காட்டுச் செடியின் நடு இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பைப் பிளந்தேன். துணிக்குள் இருக்கும் செடியின் இலைக் காம்பை ஆப்பு போலச் சீவி அதில் செருகி, நூலால் கட்டி, மேலே கண்ணாடிக் காகிதப் பையைக் கவிழ்த்தேன். இரண்டாவது கூஜாவில் காட்டுச் செடியின் இலையையே செருகினேன். வெட்டினதால் வாடியது என்று யாரும் சொல்லக் கூடாது பார்.

அந்த ஆறு செடியையும் வந்த நாளிலிருந்து வெளிப் பூச்சி ஒன்றுகூடத் தொட்டதில்லை. ஆறு வாரம் என்பாய். காத்திருக்கிறேன்.

பூச்சி

டிசம்பர் 8

பூச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன். எல்லாரும் நலம்தானே?

அந்தச் சோதனையை நிறுத்திவிடு. அதெல்லாம் கண்ணாடி வீட்டில், கத்தியைச் சுத்தம் செய்து, வெப்பம் அளந்து செய்ய வேண்டியது. சமையலறையில் செய்தால் தப்பாகத்தான் காட்டும். தப்பான முடிவை வைத்துக்கொண்டு நீ அப்பா முன்னால் போய் நின்றால் உனக்குத்தான் அசிங்கம்.

அப்பா என்னைக் கேட்டு எழுதியிருந்தார். எதையாவது சொல்ல வேண்டியிருந்தது. உன்னைத் திட்ட வேண்டாம் என்றுதானே எழுதினேன்? அதை நீ படிக்கவில்லையா? செடிதானே போயிற்று. நீ என் தங்கை. ஒரு செடிக்காக நமக்குள் என்ன.

உடனே பதில் போடு.

அக்கா

ஜனவரி 17

அக்காவுக்கு,

அம்மா உன்னைத் தினமும் விசாரிக்கிறாள். நீ நலம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு வாரம் முடிந்து மூன்று நாள் ஆயிற்று. காட்டுச் செடி இலை செருகிய கூஜாவில் புது இலைகள் தட்டையாக, பச்சையாக வந்திருக்கின்றன. உன் செடியின் இலை செருகிய கூஜாவில் வந்த மூன்று புது இலையும் சுருண்டு, நரம்பு ஓரம் வெளிறி, ஒரு பக்கம் கோணியிருக்கின்றன. விரலால் நீவிப் பார்த்தேன், நிமிரவில்லை.

நீ செடியைச் சாக்கில் கட்டியபோதே அதில் நோய் இருந்தது. இருந்தது தெரியுமா என்று நான் கேட்கவில்லை. சோதனை வரிசை முழுவதும் உன் கையில் என்று நீயேதான் எழுதினாய்.

இங்கே இன்னொன்று நடந்திருக்கிறது. அப்பா துவைக்கும் அறையில் அந்த ஆறு செடியைப் பார்த்துவிட்டார். "இது மட்டும் எப்படி இவ்வளவு பளபளன்னு இருக்கு!" என்றார். நோய் அண்டாத செடி என்று நினைத்துக்கொண்டார். இந்த ஆறையும் தாய்ச் செடியாக வைத்துக் கொடி எடுத்து, பெரியம்மா தோட்டத்துக்கும் இந்தத் தெருவில் இருக்கிற ஐந்து தோட்டத்துக்கும் கொடுக்கப் போகிறாராம். பிப்ரவரி முதல் தேதி எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். பெரியம்மாவுக்கு ஈடு செய்ய இதுதான் வழி என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்.

நீயே அப்பாவுக்கு எழுதிவிடு. நான் சொல்வதைவிட நீ எழுதுவது நல்லது. தேதிக்குள் வந்துவிடும்.

பூச்சி

ஜனவரி 22

என் பூச்சிக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா? நான் இரண்டையும் விட்டு மூன்று நாள் ஆகிறது.

இனி உன்னிடம் மறைக்கவில்லை. உனக்கு அனுப்பிய வரிசை சோதனையில் தேறவில்லை. முதலாளி எரிக்கச் சொன்னார். எரித்துவிட்டதாக நான்தான் கையெழுத்துப் போட்டேன். முந்நூறு செடி, பார்த்தால் ராஜா மாதிரி நிற்கிறது, எரிக்க மனசு வரவில்லை. அந்த ரகத்தில் ஒரு வைரஸ் மட்டும் இருந்தால் வெளியே தெரியவே தெரியாது, நான்கு வருஷம் காய்க்கும். உனக்கு ஒரு பாத்தியாவது சொந்தமாக அமையட்டும் என்றுதான் அனுப்பினேன். அப்பாவின் பழைய பாத்தியில் வேறொரு வைரஸ் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அசுவினி அதைக் கொண்டுவந்து இதனோடு சேர்த்துவிட்டது. இரண்டும் சேர்ந்தால்தான் செடி இப்படிக் குன்றும்.

அப்பாவுக்கு எழுதினால் அவர் பெரியம்மாவிடம் சொல்வார், பெரியம்மா சொன்னால் இந்த ஊர் வரை வந்துவிடும். என் வேலை போய்விடும். இந்தத் தொழிலில் வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள்.

நீ ஒன்று செய். முதல் தேதிக்கு முந்தைய நாள் ஒரு கெட்டில் வெந்நீர் வைத்து அந்த ஆறு செடியின் வேரிலும் ஊற்றிவிடு. காலையில் துவண்டுவிடும். தண்ணீர் விட மறந்துவிட்டேன் என்று சொல். அப்பா இரண்டு நாள் கத்துவார், அவ்வளவுதான். உன்மேல் ஏற்கனவே கோபமாகத்தானே இருக்கிறார், இதில் புதிதாக உனக்கு என்ன போகப் போகிறது? யார் தோட்டத்துக்கும் நோய் போகாது, என் வேலையும் தப்பும். கோடையில் உன்னை இங்கேயே கூட்டி வந்து கண்ணாடி வீட்டில் சேர்த்துவிடுகிறேன். சத்தியம்.

படித்ததும் கிழித்துப் போடு.

உன் அக்கா

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். எடுத்துக்கொண்டு துவைக்கும் அறைக்கும் போனேன். நீ சொன்னதைச் செய்யாமல் நான் இருந்ததே இல்லை. துணியை விலக்கினேன். ஆறு செடியும் எண்ணெய் தடவினது மாதிரி மின்னின. புதிதாக உனக்கு என்ன போகப் போகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியிலேயே நின்றுகொண்டிருந்தேன். கெட்டில் பிடி கையைச் சுட்டது. தண்ணீரைத் துவைக்கும் தொட்டியில் ஊற்றி, மிச்சம் இருந்த பழப் பெட்டிகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சமையலறையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நான் இரண்டு கூஜாவையும் அதன் பக்கத்தில் வைத்தேன். ஒன்று இன்னொன்றில் மோதிச் சத்தம் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இது இந்தப் பெட்டிச் செடியோட இலையைச் செருகினது. இது காட்டுச் செடி இலையையே செருகினது" என்றேன்.

"அட, இவளுக்குப் பேசக்கூட வருமா?" என்றாள் பெரியம்மா. ஆனால் கூஜாவைத் தன் பக்கம் இழுத்து, சுருண்ட இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது அவள்தான். "என் தோட்டத்துலயும் மொதல்ல இப்படித்தான்டீ வந்துச்சு" என்றாள். அப்புறம் அவள் என்னைத் திட்டவில்லை.

"யாரு சொல்லிக் கொடுத்தது இதை உனக்கு?" என்றார் அப்பா.

"அக்கா."

அவர் பெட்டியைத் தள்ளி வைத்தார். "அப்போ அவளுக்குத் தெரியுமா?"

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. மடியிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சத்தமில்லாமல் படித்தார். வெந்நீர் ஊற்றச் சொல்லும் வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு அதே இடத்தைப் படித்தார். பிறகு பெரியம்மாவிடம் நீட்டினார். "என் மடியில வளர்ந்தவ" என்றாள் அவள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

நேற்று எல்லாச் செடியையும் பிடுங்கினோம், பழைய பாத்தியையும் சேர்த்து. பெரியம்மா தோட்டத்திலும் நான்தான் பிடுங்கினேன். ஆறு செடியையும் நெருப்பில் போட்டேன். நீ எரித்ததாகக் கையெழுத்துப் போட்டவை இப்போதுதான் எரிந்தன.

அப்பா என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அவருக்கு அது வராது. காலையில் என் தட்டுக்குப் பக்கத்தில் நாற்றுப் பாத்திச் சாவி இருந்தது. "அடுத்த நாற்று யார்கிட்ட வாங்கினாலும் நீ இலை வெச்சுப் பார்த்துட்டுச் சொல்லு. அதுக்கப்புறம் நடலாம்" என்றார். நல்ல இலை வந்த கூஜாவில் கொடி விட ஆரம்பித்திருக்கிறது. முதல் குட்டி தபால்காரம்மாவுக்கு.

உன் முதலாளிக்கு அப்பா எழுதப் போவதில்லை. பெரியம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. செய்ய வேண்டாம் என்று நான் கேட்கவும் இல்லை. நீ எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம் என்று அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். கோடையில் நான் அங்கே வரவில்லை.

புத்தகப் பையை உன்னிடம் நீட்டினபோது எனக்கு வருத்தமே இல்லை அக்கா. நீ படித்தால் நான் படித்த மாதிரி என்று நினைத்தேன். இப்போது அதைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் நீ நலமா என்று கேட்டிருக்கிறேன். இதில் கேட்கவில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய்.

உன் தங்கை